அரசுப் புள்ளிவிவரத்தை நம்பலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணவீக்கம், வேலையின்மை, ஜிடிபி என்று எந்த எண் வெளிவந்தாலும் என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

கணக்கு எடுக்கிறதே அரசாங்கம்தான். அப்புறம் அதுல அரசாங்கம் தலையிடுதுன்னா என்ன அர்த்தம்?

சம்பளம் கொடுப்பது அரசு, சட்டம் போட்டதும் அரசு. எதை அளப்பது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய அமைச்சருக்கு உரிமையும் உண்டு. ஆனால் எப்படி அளப்பது, அளந்ததில் என்ன வந்தது, அதை எப்போது வெளியிடுவது ஆகிய மூன்றும் புள்ளியியலாளர் கையில் இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றில் அமைச்சர் கைவைத்தால் அது தலையீடு.

இது என் சொந்த இலக்கணம் இல்லை. ஐநா புள்ளியியல் ஆணையம் 1994ல் இதற்கென்றே பத்து அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. 2014ல் ஐநா பொதுச்சபையும் அவற்றுக்கு ஒப்புதல் தந்தது. ஒப்புதல் தந்த எல்லா நாடும் கடைப்பிடிக்கிறதா என்பது வேறு கதை.

எங்க வீட்டுக்கு யாருமே வந்து கேட்டதில்லை. அப்புறம் எப்படி வேலையில்லாதவங்க இத்தனை பேர்னு சொல்றாங்க?

எல்லோரையும் கேட்பதில்லை, மாதிரி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் மாதாமாதம் வரும் வேலையின்மை விகிதம் ஏறத்தாழ 60,000 வீடுகளைக் கேட்டு வருவது. யாரைக் கேட்பது என்பதைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்தால் இந்த அளவே போதும். பிழை எவ்வளவு இருக்கும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். உங்கள் வீட்டுக்கு வராதது சந்தேகத்துக்குரிய விஷயமே இல்லை. வந்தபோது கதவைத் திறக்காதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பணவீக்கம் குறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. எனக்கு ஒரு சாமான்கூட விலை குறைஞ்ச மாதிரி தெரியலையே?

பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்று அர்த்தம். விலை இறங்கியது என்று அர்த்தமில்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தாலே பாதிச் சண்டை தீரும்.

மீதிப் பாதி, எடை சம்பந்தப்பட்டது. விலைவாசிக் குறியீட்டில் ஒவ்வொரு செலவுக்கும் ஓர் எடை உண்டு. இந்தியாவில் 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் உணவு, பானங்களுக்கு மட்டும் 45.86 சதவீதம். பணக்கார நாடுகளில் இது மிகவும் குறைவு. குறியீடு சொல்வது சராசரிக் குடும்பத்தின் கூடையை. உங்கள் கூடையில் வாடகையும் மருத்துவமும் அதிகம் என்றால் நீங்கள் உணர்வது வேறாகத்தான் இருக்கும். அதோடு, அடிக்கடி வாங்கும் பொருளின் விலையேற்றம் மனதில் பதியும் அளவுக்கு எப்போதோ வாங்கும் பொருளின் விலையிறக்கம் பதியாது. உங்கள் அனுபவமும் அரசு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து மோசடி என்று முடிவு கட்ட முடியாது.

போன மாசம் ஒரு எண் சொன்னாங்க, இந்த மாசம் அதையே மாத்திட்டாங்க. மாட்டிக்கிட்டதாலதானே மாத்துறாங்க?

இல்லை. அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தத் திருத்தம்தான். சீக்கிரம் வேண்டும், சரியாகவும் வேண்டும் என்று இரண்டையும் ஒரே நாளில் கேட்க முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் மாதந்தோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடமும் அரசு அலுவலகங்களிடமும் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்கிறது. முதல் எண் வெளியாகும் நாளில் எல்லாப் பதிலும் வந்திருக்காது. தாமதமாக வந்த பதில்களைச் சேர்த்து அடுத்த இரண்டு மாதங்களில் திருத்துகிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் கட்டும் வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டு மறுபடியும் சரிசெய்கிறார்கள்.

திருத்தமே வராத எண் ஒன்று இருந்தால் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம் வரும். திருத்தங்கள் மேலும் கீழுமாக மாறி மாறி வருகின்றனவா, தேர்தலுக்கு முன் எப்போதும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்தால் கேள்வி கேட்கலாம். பொருளாதாரம் திரும்பும் காலத்தில் சில மாதங்கள் தொடர்ந்து ஒரே பக்கம் திருத்தம் வருவது சகஜம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரு அமைச்சர் போன் போட்டு "இந்த எண்ணைக் குறை"ன்னு சொன்னா குறைச்சிடுவாங்களா?

நிறுவனம் ஒழுங்காக இயங்கும் நாட்டில் அது லேசான காரியமில்லை. விலைவாசிக் குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். களப்பணியாளர் மாதாமாதம் அதே கடைக்குப் போய், அதே பொருளின் அதே பிராண்டு, அதே அளவு பாக்கெட்டின் விலையைக் குறிக்கிறார். இன்னொருவர் அதைச் சரிபார்க்கிறார். பொருள் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. பல்லாயிரம் விலைகள், பல கைகள். கடைசி எண்ணை ஒருவர் மாற்றினால் அடியில் இருக்கும் எண்களோடு அது ஒட்டாது.

ஆகவே மாற்ற நினைப்பவர் கடைசி எண்ணைத் தொடுவதில்லை. ஆளை மாற்றுவார், முறையை மாற்றுவார். இதற்குப் பாடப்புத்தக உதாரணம் அர்ஜென்டினா. 2007 தொடக்கத்தில், புள்ளிவிவர நிறுவனமான இன்டெக்கில் விலைவாசிக் குறியீட்டுக்குப் பொறுப்பாக இருந்த கிரசியேலா பெவாக்குவா நீக்கப்பட்டார். எந்தெந்தக் கடைகளில் விலை எடுக்கிறீர்கள் என்ற பட்டியலை வர்த்தகச் செயலர் கில்லெர்மோ மொரேனோ கேட்டதும், சட்டப்படி அது ரகசியம் என்று அவர் மறுத்ததும்தான் பின்னணி. பட்டியல் கிடைத்தால் எண்ணைத் தொடவே வேண்டாம், கடைக்காரர்களைக் கவனித்தால் போதும். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அரசு சொன்ன பணவீக்கம் பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது. தனியார் கணக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, தப்பான எண்ணையே போட்டாங்கன்னு வச்சுக்குவோம். பேப்பர்ல இருக்கிற எண்ணால யாருக்கு என்ன நஷ்டம்?

பணவீக்கத்தோடு இணைந்த ஓய்வூதியம், சம்பளம், வாடகை, கடன் பத்திரம் எல்லாமே அந்த எண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. எண்ணைக் குறைத்துக் காட்டினால் வாங்க வேண்டியவர் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் இழக்கிறார். அர்ஜென்டினாவின் பணவீக்கப் பத்திரங்களை வைத்திருந்தவர்களுக்கு நடந்தது இதுதான்.

கிரீஸில் நஷ்டத்தின் அளவே வேறு. 2009ஆம் ஆண்டின் அரசு வரவு செலவுப் பற்றாக்குறை முதலில் ஜிடிபியில் 3.7 சதவீதம் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆட்சி மாறியதும் 12க்கு மேல் என்றார்கள். 2010 ஏப்ரலில் 13.6 ஆனது, அதே ஆண்டு நவம்பரில் 15.4ல் போய் நின்றது. கடன் கொடுத்தவர்கள் மிரண்டதற்குப் பற்றாக்குறையின் அளவு ஒரு காரணம் என்றால், இந்த நாடு சொல்லும் எதையும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டது இன்னொரு காரணம். அந்த இரண்டாவதற்கும் வட்டி கட்டவேண்டி வந்தது.

எப்பவும் நல்லா இருக்கிற மாதிரி காட்டத்தானே பொய் சொல்வாங்க?

பெரும்பாலும் அப்படித்தான். சீனாவில் லியாவ்னிங் மாகாணம் 2011 முதல் 2014 வரை வருவாய்க் கணக்கை ஊதிக் காட்டியதாக 2017 ஜனவரியில் தானே ஒப்புக்கொண்டது. வளர்ச்சி எண்ணை வைத்து அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு தரும் இடத்தில் எண் தானாகவே வளரும்.

ஆனால் தலைகீழாகவும் நடக்கலாம். அர்ஜென்டினா வெளியிட்டிருந்த ஒருவகைப் பத்திரத்தில், ஜிடிபி வளர்ச்சி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் முதலீட்டாளர்களுக்குப் பணம் தர வேண்டும் என்று விதி. 2013ஆம் ஆண்டுக்கான கணக்கில் அரசு அடிப்படை ஆண்டை, அதாவது எந்த ஆண்டின் விலைகளை வைத்துக் கணக்கிடுகிறார்களோ அந்த ஆண்டை, மாற்றியது, வளர்ச்சி அந்த அளவுக்குக் கீழே வந்தது, பணம் தரவில்லை. வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போய், 2023ல் சுமார் 133 கோடி யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பானது. எண்ணால் யாருக்கு லாபம் என்று ஒவ்வொரு முறையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

அடிப்படை ஆண்டை மாத்தினதும் ஜிடிபி எகிறிடுச்சே, அது கண்கட்டு வித்தைதானே?

மேலே சொன்ன வழக்கைப் படித்துவிட்டு அடிப்படை ஆண்டை மாற்றுவதே தவறு என்று முடிவு செய்துவிடாதீர்கள். மாற்றாமல் இருப்பதும் தவறுதான். நைஜீரியா 1990ஐயே அடிப்படையாக வைத்திருந்தது. 2014ல் அதை 2010க்கு மாற்றியபோது பொருளாதாரத்தின் அளவு ஒரே நாளில் 89 சதவீதம் கூடியது. கைபேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் பழைய கணக்கில் சரியாக இடம்பெறவே இல்லை. இருந்ததை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

பிரச்சினை வருவது பழைய ஆண்டுகளைப் புதிய முறையில் திரும்பக் கணக்கிடும்போது. இந்தியா 2015ல் 2011-12ஐ அடிப்படையாக்கியது. 2013-14இன் வளர்ச்சி 4.7லிருந்து 6.9 சதவீதமானது. பழைய ஆண்டுகளுக்கு, தேசியப் புள்ளியியல் ஆணையம் அமைத்த குழு 2018ல் ஒரு கணக்கு தந்தது. அதில் முந்தைய ஆட்சிக்கால வளர்ச்சி உயர்வாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த அதிகாரப்பூர்வக் கணக்கில் அது தாழ்ந்தது. இரண்டுக்கும் முறையியல் காரணங்கள் சொல்லலாம். ஆனால் இரண்டாவதை வெளியிட்ட மேடையில் திட்டக் கொள்கை அமைப்பான நிதி ஆயோக்கின் துணைத் தலைவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கேட்டால் கணக்கைவிட அந்த நாற்காலி செய்த சேதம் அதிகம்.

எண்ணையே தொடாம தலையிட முடியுமா?

முடியும். நான் பார்த்தவரை பெரும்பாலான தலையீடு இப்படித்தான் நடக்கிறது. எளிய வழி, வெளியிடாமல் வைத்திருப்பது. இந்தியாவில் 2017-18க்கான தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கைக்குப் புள்ளியியல் ஆணையம் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அறிக்கை வரவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற எண் பத்திரிகையில் கசிந்தது, அது வரைவுதான் என்றது அரசு. தேர்தல் முடிந்து மே 31 அன்று அறிக்கை வெளியானபோது அதிலும் 6.1 சதவீதமே இருந்தது. முந்தைய கணக்கெடுப்புகளோடு இதை நேரடியாக ஒப்பிடலாமா என்பதில் நியாயமான விவாதம் உண்டு. ஆனால் அந்த விவாதத்தை அறிக்கையை வெளியிட்டுவிட்டு நடத்தியிருக்கலாம். அதே 2017-18க்கான நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பை, தரவின் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு கைவிட்டது. அடுத்த கணக்கெடுப்பின் முடிவு 2024ல்தான் வந்தது. அதுவரை வறுமை விவாதம் பழைய தரவை வைத்தே ஓடியது.

இன்னொரு வழி, கேள்வியையே எடுத்துவிடுவது. கனடாவில் 2010ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தை நிரப்புவது கட்டாயம் இல்லை என்று அரசு மாற்றியது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் நிரப்பினாலும் தரம் குறையாது என்று தலைமைப் புள்ளியியலாளர் ஏற்றுக்கொண்டதுபோல அமைச்சர் பேசினார். தலைமைப் புள்ளியியலாளர் முனீர் ஷேக், அப்படிச் சொல்ல முடியாது என்று எழுதிவைத்துவிட்டு ராஜினாமா செய்தார். நிதியை வெட்டுவது, ஆள் எடுக்காமல் விடுவது போன்றவையும் உண்டு. அவற்றில் கெட்ட எண்ணத்தை நிரூபிப்பது கடினம், விளைவு மட்டும் ஒன்றுதான்.

அமைச்சர் ஒருநாள் முன்னாடியே எண்ணைப் பார்த்தா என்ன தப்பு? பதில் சொல்லத் தயாராக வேண்டாமா?

பார்ப்பவர் பேசாமல் இருக்க வேண்டுமே! அமெரிக்க விதிப்படி அதிபருக்கு முந்தைய நாளே எண் போகும், ஆனால் வெளியான பிறகும் சிறிது நேரம் அரசுத் தரப்பில் யாரும் அதைப் பற்றிப் பேசக்கூடாது. 2018 ஜூன் 1 அன்று வேலைவாய்ப்பு எண் வெளியாவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு, அதை ஆவலோடு எதிர்பார்ப்பதாக டிரம்ப் ட்விட்டரில் எழுதினார். எண்ணைச் சொல்லவில்லைதான், ஆனாலும் சந்தைக்குப் புரிந்துவிட்டது. பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் 2017ல் இந்த முன்பார்வையையே நிறுத்தியது. அமைச்சர்கள் எல்லோரோடும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள். அரசு ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

2025ல அமெரிக்காவுல ஒரு அதிகாரியைத் தூக்கினாங்களே, அவங்க நிஜமாவே எண்ணை மாத்தினாங்களா?

மாற்றியதற்கு எந்த ஆதாரமும் காட்டப்படவில்லை. ஆகஸ்ட் 1 அன்று வந்த அறிக்கை, ஜூலையில் 73,000 வேலைகள் கூடியதாகச் சொன்னது. மே, ஜூன் மாதங்களின் எண்ணை மொத்தமாக 2,58,000 குறைத்தது. பெரிய திருத்தம்தான், ஆனால் மேலே சொன்ன வழக்கமான வகை. எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்று சொல்லி அன்றைக்கே தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகத்தின் ஆணையர் எரிக்கா மெக்கென்டார்ஃபரை அதிபர் நீக்கினார். எண்கள் கணக்கிட்டு முடியும்வரை ஆணையர் அவற்றைப் பார்ப்பதுகூட இல்லை. டிரம்பே முன்பு நியமித்திருந்த முந்தைய ஆணையர் வில்லியம் பீச், இந்த நீக்கத்தைக் கண்டித்தார்.

இதில் என்னை உறுத்துவது அடுத்து வரும் எண்களின் கதி. எண் நன்றாக இருந்தால் "பயந்து போட்டது" என்பார்கள். மோசமாக இருந்தால் "பழிவாங்கப் போட்டது" என்பார்கள். அடியில் இருக்கும் ஊழியர்கள் அதே முறையில் அதே வேலையைச் செய்தாலும் இரண்டில் ஒரு பழி நிச்சயம்.

உண்மையான எண்ணைச் சொன்னவங்களுக்கு என்ன ஆச்சு?

மோசமான உதாரணம் சோவியத் ஒன்றியம். 1937 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 16.2 கோடி பேர்தான் வந்தார்கள். ஸ்டாலின் எதிர்பார்த்ததைவிட இது பல பத்து லட்சம் குறைவு. பஞ்சத்தில் செத்தவர்கள் எண்ணில் தெரிந்துவிட்டார்கள். முடிவுகள் மறைக்கப்பட்டன. நடத்தியவர்கள் கைதானார்கள், சிலர் சுடப்பட்டார்கள்.

நம் காலத்தில் வழக்கும் தண்டனையும். கிரீஸின் 15.4 என்ற எண்ணை வெளியிட்டவர் அந்நாட்டுப் புள்ளிவிவர நிறுவனத்தின் தலைவர் ஆந்திரேயாஸ் ஜியார்ஜியூ. ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் அவருடைய எண்களைத் தொடர்ந்து ஏற்றுக்கொண்டது. உள்நாட்டில், பற்றாக்குறையை வேண்டுமென்றே ஊதினார் என்று வழக்குமேல் வழக்கு. 2017ல் அவருக்கு இரண்டு ஆண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. குற்றம் என்ன தெரியுமா? எண்ணை நிறுவனக் குழுவில் வாக்கெடுப்புக்கு வைக்காமல் வெளியிட்டது. பற்றாக்குறையைக் கைதூக்கி முடிவு செய்ய வேண்டும் என்று நினைக்கும் சட்டத்தை என்ன சொல்ல.

அப்போ தனியார் எண்ணை மட்டும் நம்பிட்டுப் போயிடலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க உதவும், மாற்றாக வைக்க முடியாது. துருக்கியில் 2021 டிசம்பருக்கு அரசு சொன்ன ஆண்டுப் பணவீக்கம் 36.08 சதவீதம், எனாக் என்ற சுயேச்சையான ஆய்வாளர் குழு சொன்னது 82.81. இந்த இடைவெளி ஒரு நல்ல எச்சரிக்கை. ஆனால் 82.81தான் சரி என்று அதனால் ஆகிவிடாது. தனியாரிடம் அத்தனை களப்பணியாளர்கள் இல்லை, பலர் எடைகளுக்கே அரசுக் கணக்கைத்தான் நம்புகிறார்கள். ஒரு தகவல்: 36.08 என்ற எண்ணே அதிபருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, அடுத்த மாதமே அரசுப் புள்ளிவிவர நிறுவனத்தின் தலைவர் மாற்றப்பட்டார்.

தனியார் எண் இருப்பதையே சில அரசுகள் பொறுப்பதில்லை. அர்ஜென்டினாவில் 2011ல் பணவீக்கக் கணக்கு வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்களுக்குத் தலா ஐந்து லட்சம் பெசோ அபராதம் போட்டார்கள். எதிர்க்கட்சி எம்பிக்கள் அந்த நிறுவனங்களின் எண்களை வாங்கிச் சராசரி எடுத்து, நாடாளுமன்றப் பாதுகாப்பு இருப்பதால் தங்கள் பெயரில் மாதாமாதம் வெளியிட்டார்கள்.

அரசியல் தலையீடே இல்லைன்னா எண் சரியாத்தான் இருக்குமா?

இருக்காது. பிரிட்டனில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் பதில் சொல்பவர்கள் 2023ல் சுமார் 17 சதவீதமாகச் சுருங்கினார்கள். அந்த அக்டோபரில் அதன் எண்களை வெளியிடுவதையே நிறுத்திவைத்தார்கள். நேர்மையாகச் செய்த காரியம்தான், ஆனால் வட்டி விகிதத்தை முடிவு செய்யும் மத்திய வங்கி திணறியது.

ஆரம்பத்தில் சொன்ன கதவு திறக்காதவர்கள் இவர்கள்தான். அரசு எண் பொய் என்று நம்புபவர் கணக்கெடுப்புக்கு ஒத்துழைக்க மாட்டார். அவரைப் போன்றவர்கள் விடுபட விடுபட எண் உண்மையாகவே கோணும். தலைவர் ஒருவர் ஆதாரமில்லாமல் "எல்லாம் ஜோடனை" என்று சொல்வதும் இந்த வழியில் ஒரு தலையீடுதான் என்பது என் கருத்து.

நான் பொருளாதாரம் படிச்சதில்லை. எந்த நாட்டு எண்ணை நம்பலாம்னு எப்படிப் பார்க்கிறது?

எண்ணைப் பார்க்க வேண்டாம், நடைமுறையைப் பாருங்கள். வெளியீட்டுத் தேதிகள் ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டு, மோசமான எண் வரும்போதும் காப்பாற்றப்படுகின்றனவா? முறையும், பெயர் நீக்கிய மூலத் தரவும் வெளியாட்கள் சரிபார்க்கக் கிடைக்கின்றனவா? முறை மாறினால் மாற்றத்துக்கு முன்பே அறிவிக்கிறார்களா, பிறகு விளக்கம் சொல்கிறார்களா? தலைமைப் புள்ளியியலாளரை நீக்குவது சுலபமா? அதற்கு மேல், வேறு எண்களோடு ஒப்பிடலாம். லி கெச்சியாங் சீனப் பிரதமர் ஆவதற்கு முன், ஒரு மாகாணத்தின் கட்சிச் செயலராக இருந்தபோது, ஜிடிபியைவிட மின்சார நுகர்வு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் மூன்றையும்தான் பார்ப்பதாக அமெரிக்கத் தூதரிடம் சொன்னதாகக் கசிந்த தூதரகக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

ஒருதடவை பேர் கெட்டுப்போன நிறுவனம் திரும்ப எழுந்திருக்க முடியுமா?

முடியும், விலை அதிகம். அர்ஜென்டினாவை 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம் கண்டித்தது. 2015 இறுதியில் ஆட்சி மாறியபோது புதிய அரசு புள்ளிவிவர அவசரநிலை அறிவித்து, விலைவாசிக் குறியீட்டை வெளியிடுவதையே சில மாதங்கள் நிறுத்தியது. 2016ல் புதிய குறியீடு வந்தது, நவம்பரில் கண்டனம் நீங்கியது. அதற்கு முன் செப்டம்பரில் இன்டெக் வறுமை விகிதம் 32.2 சதவீதம் என்று வெளியிட்டது. 2013ல் பழைய இன்டெக் கடைசியாகச் சொன்ன எண் 4.7. புதிய அரசுக்கு அது சங்கடமான எண், ஆனால் இன்டெக் மறுபடி வேலை செய்கிறது என்று பலர் நம்பத் தொடங்கியது அந்த எண்ணால்தான்.

விட்டுப்போன ஆண்டுகளை மட்டும் யாராலும் மீட்க முடியவில்லை. 2007இல் ஒரு கடையில் இருந்த விலையைப் பத்து ஆண்டு கழித்துப் போய் எடுக்க முடியாதல்லவா. 2007 ஜனவரி முதல் 2015 டிசம்பர் வரையிலான தன் தொடர்களை எச்சரிக்கையோடு கையாளும்படி இன்டெக்கே தன் வெளியீடுகளில் குறிப்பு போட்டது.